பன்றிக்குட்டியின் முட்டிக்கு ஐந்து வாசல்

ஏற்காடு வரலாறு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது காபி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்த கதையை எல்லாரும் எழுதியாச்சு. பேரிக்காய், பாக்சைட், கான்வென்ட் பள்ளிக்கூடம், சேர்வராயன் கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதிவாவது இருக்கும். இந்தப் பதிவு அந்த வரிசையில் சேராது. பிறந்து ஒரு வாரம் ஆன பன்றிக்குட்டிக்கு ஏன் முட்டி வீங்குகிறது, அதைத் தடுக்க மனுஷன் நூறு வருஷமாக என்னென்ன செய்து பார்த்தான் என்பதுதான் விஷயம்.

கேள்வி என்னுடையது இல்லை. மலையில் நாலு தாய்ப்பன்றி வைத்திருக்கும் ஒருவர் கேட்டது. "ஏங்க, ஒம்பது குட்டி போட்டுச்சுங்க. ஏழாம் நாள் ரெண்டு குட்டிக்கு முன்னங்கால் முட்டி நெல்லிக்காய் கணக்கா வீங்கிருச்சு. ஊசி போட்டும் ஒன்னு நொண்டிக்கிட்டே கெடக்குது. இது எங்கிருந்துங்க வருது?" என்ன மருந்து என்பதைக் கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேட ஆரம்பித்தேன்.

ஒன்பதில் ரெண்டு குட்டி என்றால் சின்ன நஷ்டமாகத் தெரியலாம். நாலு பன்றி வைத்திருப்பவருக்கு அது அப்படி இல்லை. நொண்டும் குட்டி மடிக்கு வரும்போது மற்ற குட்டிகள் காம்பைப் பிடித்திருக்கும். பால் குறையும். தாய் படுக்கும்போது மற்றதெல்லாம் விலகி ஓடும், இது நசுங்கும். பிழைத்தாலும் வளர்ச்சி பின்தங்கி, விற்கும் நாளில் எடை நிற்காது.

உள்ளே என்ன நடக்கிறது

முட்டி வீங்குகிறது என்றதும் முட்டியில் அடிபட்டது என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. வேறு எங்கோ ஒரு வழியாகக் கிருமி உடம்புக்குள் நுழைகிறது. ரத்தத்தில் கலக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைய. அங்கே போய்த் தங்குகிறது. மூட்டு நீர் கலங்குகிறது, சீழ் பிடிக்கிறது, வழுவழுப்பான குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ. கோலை என்று பல கிருமிகள் இந்த வேலையைச் செய்யும்.

குருத்தெலும்பு அரித்த பிறகு ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லலாம், போன மூட்டைத் திருப்பித் தராது. வீக்கம் கண்ணுக்குத் தெரியும்போது நாம் பாதி தோற்றிருக்கிறோம். அதனால்தான் இந்த நோயில் சிகிச்சையைவிடத் தடுப்புக்கு மதிப்பு அதிகம். தடுக்க வேண்டும் என்றால் கிருமி நுழையும் வாசல் தெரிய வேண்டும்.

கட்டுரைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஐந்து வாசல்கள் தெரிந்தன. அதில் ரெண்டு இயற்கை வைத்தது. மூன்று நாம் திறந்தது.

முதல் வாசல்: தொப்புள்

தொப்புள்கொடிக்குள் ஓடும் ரத்தநாளம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. பிறந்தவுடன் கொடி அறுந்ததும், அது காய்ந்து சுருங்கும்வரை உடம்புக்குள் போக ஒரு திறந்த குழாய் இருக்கிற மாதிரிதான். ஈரமான சாணத்தில் அந்தக் கொடி இழுபட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குதிரை வளர்த்த ஐரோப்பியர்கள் இதை ரொம்ப காலமாக அறிந்திருந்தார்கள். குதிரைக்குட்டியின் மூட்டு நோய்க்கும் தொப்புள் நோய்க்கும் அவர்கள் ஊரில் ஒரே மூச்சில் பேர் சொல்வார்கள். ஆனால் கையில் சரியான மருந்து இல்லை. 1811ல் பிரான்சின் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டுபிடித்தார். 1867ல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்யும் முறையை எழுதினார். 1908ல் அந்தோனியோ கிராசிச் அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலில் டிஞ்சர் அயோடின் பூசும் பழக்கத்தைப் பரப்பினார். ஆஸ்பத்திரியில் வந்த பழக்கம் கொட்டகைக்கும் வந்தது. கொடியை ஓரிரு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, சுத்தமான கத்தரியால் வெட்டி, நுனியை டிஞ்சரில் முக்கு. இன்றைக்கும் அதே முறைதான்.

இதைப் பன்றிச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் வீட்டில் பிறந்த மனிதக் குழந்தைகளின் தொப்புளில் 4 சதவீதம் குளோர்ஹெக்சிடின் தடவிப் பார்த்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. கடுமையான தொப்புள் தொற்று 75 சதவீதம் குறைந்தது, பச்சிளம் குழந்தை மரணம் 24 சதவீதம் குறைந்தது. சில ரூபாய் மருந்து. அதே குழாய், அதே தர்க்கம்.

இரண்டாவது வாசல்: பல்

பன்றிக்குட்டி பிறக்கும்போதே எட்டுப் பல்லோடு பிறக்கிறது. ஊசி மாதிரி கூர்மை. பிறந்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குட்டியும் ஒரு காம்பைப் பிடித்து, அதற்காகச் சண்டை போட்டு, பிறகு கடைசிவரை அதே காம்பில்தான் குடிக்கும். அந்தச் சண்டைக்குத்தான் இந்தப் பல். காட்டுப்பன்றி நாலைந்து குட்டி போடும், காம்பு மிச்சம் இருக்கும். பண்ணைப் பன்றியை அதிகக் குட்டிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தோம். குட்டி கூடியது, சண்டை கூடியது, முகத்தில் கீறல், தாயின் மடியில் காயம்.

தீர்வு? பிறந்த அன்றே இடுக்கியால் பல்லை வெட்டுவது. உலகம் முழுக்கப் பரவிய வழக்கம். ஆனால் இடுக்கி பல்லைச் சில்லுச் சில்லாக உடைக்கும். உள்ளே இருக்கும் பல்கூழ் திறந்துவிடும், ஈறு கிழியும். அடுத்த குட்டிக்கும் அதே இடுக்கி. முகக் கீறலைத் தடுக்கப் போய் ரத்தத்துக்கு நேர்வழி போட்டுக் கொடுத்தோம். எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்கு ரெக்ரெஷன் என்று பேர்: ஒரு பக்கைச் சரி செய்கிற திருத்தமே இன்னொரு பக்கைக் கொண்டுவருவது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் வருடப் பன்றி நலச் சட்டம் வழக்கமாகப் பல் வெட்டுவதைத் தடை செய்கிறது. மடியிலோ மற்றப் பன்றிகள் மேலோ காயம் இருப்பது தெரிந்தால் மட்டும், வேறு வழிகளை முயன்ற பிறகே செய்யலாம்.

மூன்றாவது வாசல்: முட்டித் தோல்

குட்டி பால் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால் முட்டியை மடக்கி, தரையில் ஊன்றி, மடியை முட்டி முட்டிக் குடிக்கும். நாளைக்கு இருபது தடவைக்கு மேல். தரை வைக்கோலாக இருந்தால் ஒன்றுமில்லை. சொரசொரப்பான சிமென்ட் என்றால் ரெண்டே நாளில் முட்டித் தோல் உரிந்துவிடும்.

எடின்பரோவில் அலெக்ஸ் ஸ்டோல்பா, டேவிட் வுட்-கஷ் என்ற இருவர் சாதாரணப் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் ஓடையும் உள்ள இடத்தில் விட்டுப் பல வருஷம் கவனித்தார்கள். 1989ல் விரிவாக எழுதினார்கள். சிமென்ட் கொட்டகைப் பரம்பரையில் வந்த பன்றிகள்தான். ஆனாலும் குட்டி போடும் நேரம் வந்ததும் கூட்டத்தை விட்டு விலகிப் போய், குழி பறித்து, கிளையும் புல்லும் கொண்டுவந்து கூடு கட்டின. பறவை மாதிரி. காய்ந்த, மெத்தென்ற, மற்ற பன்றிகள் சாணம் போடாத இடம். முட்டித் தோலும் உரியாது, தொப்புளும் சீக்கிரம் காயும்.

நாம் சிமென்ட் தரைக்குப் போனதற்கும் நியாயமான காரணம் உண்டு. கழுவ எளிது, புழுத் தொல்லை குறைவு, ஆள் கூலி மிச்சம். அதற்கான விலையைக் குட்டியின் முட்டி கொடுத்தது. வைக்கோல், காய்ந்த புல், மரத்தூள், பழைய சாக்கு எதுவாக இருந்தாலும் முதல் வாரத்துக்கு மடிக்கு முன்னால் விரித்தால் இந்த வாசல் பாதி அடைபடும். ஈரமானால் மாற்ற வேண்டும். ஈர வைக்கோலுக்கு வெறும் தரையே மேல்.

நான்காவது வாசல்: ஊசி

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த கதை இதுதான், ஏனென்றால் இது நம்ம மலையின் செம்மண்ணைத் தொடுகிறது.

பன்றிக்குட்டி சுமார் 50 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு பிறக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 7 மில்லிகிராம். தாய்ப்பாலில் கிடைப்பதோ ஒரு மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷம் பன்றிகள் ரத்தசோகை இல்லாமல் வளர்ந்தனவே, எப்படி? மூக்கால் மண்ணைக் கிளறித் தின்றன. இரும்பு மண்ணிலிருந்து வந்தது.

கொட்டகைக்குள் அடைத்ததும் மண் போனது. குட்டிகள் வெளிறி, மூச்சு வாங்கிச் செத்தன. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மெக்கோவன், கிரைட்டன் இருவரும் 1920களில்தான் இது இரும்புச்சத்துக் குறைவு என்று காட்டினார்கள். அதன்பிறகு விவசாயிகள் புல்லோடு பெயர்த்த மண்கட்டியைக் கொட்டகைக்குள் போட்டுப் பார்த்தார்கள். 1950களின் நடுவில் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி வந்தது. மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் ஒரே ஊசி, வேலை முடிந்தது. கோடிக்கணக்கான குட்டிகளைப் பிழைக்க வைத்த கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை.

ஆனால் ஊசி என்பது தோலில் ஒரு ஓட்டை. ஒரே ஊசியை ஐம்பது குட்டிக்குக் குத்தினால் முதல் குட்டியின் கிருமி ஐம்பதாவதற்கும் போகும். சாணம் ஒட்டிய தோலில் குத்தினால் சாணமும் சேர்ந்து போகும். ரத்தசோகையைத் தடுக்கும் ஊசியே மூட்டு நோயைக் கொண்டுவரலாம்.

சேர்வராயன் மலையின் உச்சிகளில் பாக்சைட் படிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்துதான் வெட்டிக்கொண்டு போனார்கள். அதோடு சேர்ந்த செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. இரும்பின் மேல் கட்டிய கொட்டகையில், சிமென்ட் போட்டு மண்ணை மூடிவிட்டு, இரும்பை ஊசியில் ஏற்றுகிறோம்! வேடிக்கைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு ஊசியை விட்டுவிட வேண்டாம். இரும்பு ஆக்சைடு எளிதில் கரையாது, மண்ணுக்கு மண் மாறும். பன்றி நடமாடிய மண்ணில் புழு முட்டையும் இருக்கும். ஊசி போடுங்கள். ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரு புது ஊசி, கழுத்தில், சுத்தமான காய்ந்த தோலில். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாவது வாசல்: தாயின் தொண்டை

இது இயற்கை வைத்த வாசல், அடைக்கவே முடியாதது. 1951ல் நெதர்லாந்திலும் 1954ல் இங்கிலாந்திலும் இளங்குட்டிகளுக்கு மூளைக்காய்ச்சலும் மூட்டுவீக்கமும் வருவதை விவரித்தார்கள். 1966ல் எலியட் என்ற ஆய்வாளர் இதற்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸை அடையாளம் காட்டினார். இன்று அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ். நோயே இல்லாத தாய்ப்பன்றியின் டான்சிலில் அது சாவகாசமாகக் குடியிருக்கும். பிறக்கும் வழியிலும், முகர்ந்து நக்கும்போதும் குட்டிக்குப் போகும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் டான்சிலை விட்டு முழுசாகப் போகாது. ஒரு காலத்தில் 35 வகை என்று எண்ணினார்கள். சிலவற்றை வேறு இனம் என்று பிரித்த பிறகு 29 நிற்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி போடுவது ஏன் கடினம் என்று இப்போது புரியும்.

மனிதருக்கும் இது வரும். 1968ல் டென்மார்க்கில் முதல் மனித நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். 2005ல் சீனாவின் சிச்சுவானில் சுமார் 200 பேருக்கு வந்து 38 பேர் இறந்தார்கள். செத்த, நோயுற்ற பன்றிகளை வெறுங்கையால் அறுத்தவர்கள்தான் பெரும்பாலும். பிழைத்த பலருக்குக் காது போகும் நோய் இது. எனவே கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது செத்த குட்டியைத் தொடாதீர்கள். அறுத்துச் சமைக்கவும் வேண்டாம். ஆழமாகப் புதையுங்கள்.

காவல்காரன்: சீம்பால்

ஐந்து வாசலையும் முழுசாக அடைக்க முடியாது. அப்படியென்றால் எல்லாக் குட்டியும் ஏன் நொண்டுவதில்லை? உள்ளே காவல் இருக்கிறது.

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நாலின் குட்டிக்கும் குருளை என்று ஒரே பெயர் கொடுக்கிறது. பெயரில் புலிக்குட்டிக்குச் சமம். ஆனால் பிறக்கும் நேரத்தில் பன்றிக்குருளையைப் போல நிராயுதபாணி குறைவு. மனிதத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய்விடும். பன்றியில் தாய் ரத்தத்துக்கும் குட்டி ரத்தத்துக்கும் நடுவில் ஆறு அடுக்குத் திசு. எதுவும் கடக்காது. ஒரு குட்டியின் மொத்த எதிர்ப்புச் சக்தியும் சீம்பாலில்தான் வருகிறது. அதற்கும் கெடு உண்டு. அந்தப் புரதத்தை அப்படியே உறிஞ்சும் குடல் 24 முதல் 36 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். சீம்பாலின் செறிவோ அதற்கு முன்பே, முதல் அரை நாளிலேயே பாதியாகச் சரிந்துவிடும். ஒரு குட்டிக்கு முதல் நாளில் 200 முதல் 250 கிராம் சீம்பால் போக வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு.

இங்கேதான் ஏற்காட்டுக் குளிர் உள்ளே வருகிறது. பிறந்த குட்டிக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, முடியும் இல்லை. அதற்கு இதமான வெப்பம் 32 முதல் 34 டிகிரி. டிசம்பர் இரவில் மலையில் 15 டிகிரிக்குக் கீழே போகும், மூடுபனியும் ஈரமும் வேறு. நடுங்கும் குட்டி மடியைத் தேடாது, மூலையில் சுருண்டு கிடக்கும். விடியும்போது பிழைத்திருக்கும், பால் குடித்த மாதிரியும் தெரியும். ஆனால் கெடு முடிந்திருக்கும். ஏழாம் நாள் முட்டி வீங்கும்போது அந்த முதல் ராத்திரிக் குளிர் யார் ஞாபகத்துக்கும் வராது. சமவெளியில் சேலத்துக்காரர் ஒரு வைக்கோல் படுக்கையோடு சமாளித்துவிடலாம். மலைக்காரருக்குக் கூடவே ஒரு மூலையில் மரப்பெட்டியும் பல்பும் வேண்டும். பல்ப் வைக்கோலைத் தொடாத உயரத்தில் இருக்கட்டும், தீப்பிடிக்கும்.

மருந்தின் இடம்

பிறந்த எல்லாக் குட்டிக்கும் முன்கூட்டியே பெனிசிலின் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெரிய பண்ணைகள் பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தன. விளைவு, மருந்துக்கு மசியாத கிருமிகள். 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் நோய் வருமுன் வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதை, விதிவிலக்கான நேரங்கள் தவிர, நிறுத்திவிட்டது. வந்த குட்டிக்கு மருந்து வேண்டும். அதுவும் வீக்கம் தெரிந்த அன்றே, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை. வராத குட்டிக்கு வேண்டியது வேறு.

அந்த வேறு என்ன என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஈனும் இடத்தை முதல் நாளே கழுவிக் காயவைப்பது. பிறந்ததும் குட்டியைத் துடைத்துச் சூட்டில் வைப்பது. முதல் மணி நேரத்துக்குள் காம்பில் பிடித்து விடுவது, நோஞ்சானை முதலில். குட்டி அதிகம் என்றால் பெரிய குட்டிகளைச் சற்று நேரம் பெட்டியில் வைத்துச் சின்னதுகளுக்கு வழி விடுவது. கொடிக்கு டிஞ்சர். மடிக்கு முன்னால் காய்ந்த படுக்கை. காயம் தெரிந்தால் ஒழியப் பல்லைத் தொடாதது. இரும்புக்குப் புது ஊசி.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் 90.6 லட்சம் பன்றிகள் இருந்தன, 2012ஐ விட 12 சதவீதம் குறைவு. வெள்ளை யார்க்ஷயர் இனத்தை வைத்துக் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் வேலை செய்கிறது. அங்கே பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் காட்டுப்பாக்கமும் வராது, அபர்டீனும் வராது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொட்டகையில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும்தான் இருப்பார். மேலே சொன்ன வரிசையில் அவர் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒரு பல்ப், ஒரு சின்ன பாட்டில் டிஞ்சர், சில ஊசிகள்; இரும்பு மருந்தைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். மிச்சமெல்லாம் அந்த ஒரு ராத்திரித் தூக்கம்.